வெயில் ஊருக்கும் வெந்நீர் வேண்டும்

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஐந்து ரோடு பக்கம் போனாலும் சரி, நாலு ரோடு பக்கம் போனாலும் சரி, ஒர்க்‌ஷாப்புகளில் கேட்கிற பேச்சு ஒன்றுதான். "த்ராட்டில் பாடிக்குப் போற சுடுதண்ணி ஹோஸ் எல்லாம் குளிர் நாட்டுக்கு வெச்சதுங்கண்ணா. நம்ம சேலத்து வெயிலுக்கு அது எதுக்கு? பைபாஸ் பண்ணி வுட்டுட்டா பிக்கப்பும் ஏறும், மைலேஜும் ஏறும்." கார் வைத்திருப்பவர்களும் இதைத் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறார்கள். இதே தர்க்கம் அடுத்த படியில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றச் சொல்கிறது. செவ்வாய்ப்பேட்டை, சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் அது கேள்விக்கே இடமில்லாத வழக்கமாகிவிட்டது. புது இன்ஜினாக இருந்தாலும், முதல் தடவை ஹீட் ஆனதுமே வால்வு வெளியே வந்துவிடும்.

இரண்டுமே தவறு. முதலாவதில் சல்லிக்காசு லாபம் இல்லை. இரண்டாவது, இன்ஜினை மெல்ல மெல்லத் தேய்த்துத் தீர்க்கிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் "நம்ம ஊர் வெயில்" என்ற காரணம் இன்ஜினின் கணக்கில் செல்லவே செல்லாது.

முதலில் அந்தச் சின்ன ஹோஸ் எதற்காக வந்தது என்பதைப் பார்ப்போம். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சும். குறுகிய தொண்டை வழியே பாயும் காற்று அழுத்தம் குறைந்து மேலும் குளிரும். இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கு மேலும் வெப்பத்தை இறக்கிவிடும். அதனால்தான் வெளியே 20 டிகிரி இருக்கும் ஈரமான காலையிலும் கார்புரேட்டருக்குள் பனி பிடித்து இன்ஜின் திணறும். சிறு விமானங்களை ஓட்டுபவர்கள் இன்றைக்கும் இந்த ஆபத்தை மனதில் வைத்துத்தான் பறக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வந்தபின் நிலைமை மாறியது. பெரும்பாலான கார்களில் பெட்ரோல், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைத் தாண்டி உள்ளே பீச்சப்படுவதால், த்ராட்டில் தகட்டில் அந்த அளவு குளிர்ச்சி இல்லை. ஆனாலும் உறைநிலையை ஒட்டிய குளிரில், பாதி மூடிய தகட்டின் விளிம்பில் ஈரம் உறைந்து தகடு ஒட்டிக்கொள்ளலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் மூடாத த்ராட்டில் எவ்வளவு ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை. அதைத் தடுக்கத்தான் கம்பெனிக்காரர்கள் இன்ஜினில் சூடேறிய கூலன்ட்டை அந்த வழியாகச் சுற்றிவரச் செய்தார்கள்.

சேலத்தில் அப்படிப் பனி பிடிக்காது. ஏற்காட்டு மார்கழிக் காலையிலும் இன்ஜெக்‌ஷன் காருக்கு அந்த ஆபத்து இல்லை. ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெண்மையாக உறைந்து கிடக்கும் ஜனவரி விடியலில் வேண்டுமானால் அதைப் பற்றிப் பேசலாம். அதுவும் பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒருமுறைகூட நேராது. இந்த அளவுக்கு எதிர்த்தரப்பு சொல்வது உண்மை. பனி பிடிக்காது என்பதிலிருந்து "எடுத்துவிட்டால் லாபம்" என்று தாவுகிறார்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 5,000 ஆர்.பி.எம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்குத் தன் கொள்ளளவில் பாதிக் காற்றைத்தான் இழுக்கும். விநாடிக்கு 83 சுற்று என்றால் 50 லிட்டர். சிலிண்டர் ஒருபோதும் முழுதாக நிரம்பாது என்பதால் 42 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். த்ராட்டில் வாய் 45 மி.மீ. விட்டம் என்றால், அதற்குள் காற்று விநாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. சூடான உலோகத்தின் நீளம் 5 செ.மீ. அந்தத் தூரத்தைக் கடக்கக் காற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அகல் விளக்கின் சுடரில் விரலைச் சட்டென்று இழுத்துவிட்டால் சுடுவதில்லை அல்லவா, அதுபோலத்தான். 90 டிகிரி உலோகத்திலிருந்து 40 டிகிரி காற்றுக்கு அந்த இடைவெளியில் ஏறக்கூடிய வெப்பம் சுமார் 35 வாட், ஒரு சின்னக் குண்டு பல்பின் அளவு. விநாடிக்கு ஏறத்தாழ 47 கிராம் காற்றுக்கு அதைப் பங்கிட்டால் வெப்பம் ஏறுவது 1 டிகிரிக்கும் குறைவு. முழுசாக 1 டிகிரி என்றே வைத்தாலும், காற்றின் அடர்த்தி குறைவது 0.3 விழுக்காடு. 85 குதிரைத்திறன் இன்ஜினில் அது கால் குதிரைத்திறன். ஐந்து ரோடு மேம்பாலம் ஏறும்போது யாருடைய காலுக்கும் அது தெரியப்போவதில்லை.

ஐடிலிங்கில் காற்று மெதுவாகப் போகும், அப்போது சில டிகிரி கூடுதலாகவே சூடேறும் என்பது மெய்தான். ஆனால் சிக்னலில் நிற்கும் வண்டிக்குக் குதிரைத்திறன் எதற்கு?

மைலேஜ் வாதம் இதைவிடப் பலவீனமானது. ஊருக்குள் ஓட்டும்போது த்ராட்டில் பெரும்பாலும் பாதிக்குமேல் மூடியே இருக்கிறது. காற்று கொஞ்சம் லேசானால் அதே வேகத்துக்குத் தகடு ஒரு மயிரிழை கூடுதலாகத் திறக்கும். தகடு திறந்தால், உறிஞ்சுவதற்கு இன்ஜின் படும் பாடு குறையும். சூடான காற்று மைலேஜைக் குறைக்கிறது என்பதற்கு இதில் இடமே இல்லை. விளைவு இருந்தால் அது எதிர்த்திசையில்தான் இருக்கும், அதுவும் அளக்க முடியாத அளவில்.

"அப்படியானால் வண்டி இழுக்கிறதே, என் காலே சொல்கிறதே" என்பார்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஹோஸைக் கழற்றுகிற மெக்கானிக் த்ராட்டில் பாடியையும் கையோடு கழற்றுகிறார். தகட்டின் விளிம்பில் கரிப்பிசின் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துணியால் துடைக்கிறார். ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுகிறார், புதிதாகவும் மாற்றுகிறார். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியதில் இன்ஜினை நிர்வகிக்கும் கணினியான ஈசியூ ஐடிலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. வண்டி மிருதுவாகிவிட்டது என்றால் காரணம் அந்தத் துடைப்புத்தான். அதற்கான பெயரை ஒரு துண்டுக் குழாய் தட்டிக்கொண்டு போகிறது. சந்தேகம் இருப்பவர்கள் ஹோஸைத் தொடாமல் த்ராட்டிலை மட்டும் சுத்தம் செய்யச் சொல்லி ஓட்டிப் பார்க்கட்டும்.

"கை வெச்சுப் பாருங்க, எப்படிச் சுடுது" என்பதுதான் எல்லோரும் காட்டும் அத்தாட்சி. சுடுவது உலோகம். இன்ஜினுக்குள் போவது காற்று. கைக்குத் தெரிகிற சூட்டை வைத்துக் காற்றின் சூட்டைத் தீர்மானிக்க முடியாது. உள்ளே போகும் காற்று உண்மையிலேயே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அக்கறைப்படுகிறவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு முன்புறக் கிரில்லிலிருந்து காற்று கொண்டுவரும் பிளாஸ்டிக் குழல் ஒன்று உண்டு. சர்வீஸின்போது அதைக் கழற்றிவிட்டுச் சரியாகப் பொருத்தாமலே அனுப்பிவிடுவார்கள். அது விலகினால் இன்ஜின், பானெட்டுக்குள் தேங்கும் 60 டிகிரி காற்றைக் குடிக்கும். வெளிக்காற்றைவிட 20 டிகிரி அதிகம் என்றால் சக்தியில் 6 விழுக்காடு போய்விடும். ஹோஸைப் பைபாஸ் செய்து 1 டிகிரியைத் துரத்துகிற கை, இந்த 20 டிகிரியைப் பார்க்காமலே பானெட்டை மூடுகிறது.

லாபம் இல்லை என்பதோடு விஷயம் முடிந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நஷ்டமும் உண்டு. 1990களின் ஜப்பானிய வடிவமைப்புகள் பலவற்றில், குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்று தரும் ஒரு வால்வு த்ராட்டில் பாடிக்கு அடியிலேயே இருக்கும். அதற்குள் மெழுகு. கூலன்ட் சூடேறியதும் மெழுகு விரிந்து காற்று வழியை மூடும். ஹோஸை எடுத்துவிட்டால் மெழுகு குளிர்ந்தே கிடக்கும், வழி மூடாது, ஐடிலிங் ஏறியே நிற்கும். மைலேஜுக்காகச் செய்த வேலை மைலேஜையே தின்னும். வேறு பல இன்ஜின்களில் அந்த ஹோஸ்தான் இன்ஜின் மேல்பகுதியில் சேரும் காற்றுக் குமிழிகளை எக்ஸ்பேன்ஷன் டேங்குக்கு அனுப்பும் பாதை. அதை அடைத்தால் சிலிண்டர் ஹெட்டில் காற்று தங்கும். தண்ணீர் தொடாத இடம் தனியாகச் சூடேறும்.

ஜாயின்ட்டின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி ஹோஸை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஜாயின்ட்டால் இணைத்திருந்த ஒரு காரைப் பார்த்தேன். ஒருபக்கம் ஸ்குரூ கிளிப், மறுபக்கம் கட்டுக்கம்பி. வயலில் சாதாரணத் தண்ணீருக்காக வார்த்த அந்தப் பிளாஸ்டிக், 95 டிகிரி கூலன்ட்டில் 1 பார் அழுத்தத்தில் நாளெல்லாம் வெந்து, விளிம்பு வளைந்து, ஜாயின்ட்டைச் சுற்றி பச்சை நிறத்தில் உப்பு பூத்திருந்தது. கசிவு துளித்துளியாகத்தான் இருந்தது. சூடான இன்ஜின்மேல் விழும் துளி உடனே ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டுகூடத் தெரியாது. அந்த வண்டிக்காரர் வாராவாரம் டேங்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், எங்கே போகிறதென்று தெரியாமல்.

இனி தெர்மோஸ்டாட். மேலே சொன்ன தர்க்கம் முழு வளர்ச்சி அடைவது இங்கேதான்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி. நமக்கு அது அனல். 85 முதல் 95 டிகிரிக்குள் வேலை செய்யும்படி பிஸ்டன் இடைவெளியும், ஆயிலின் தடிமனும், பெட்ரோல் பீச்சும் கணக்கும் அமைக்கப்பட்ட இன்ஜினுக்கு, அதே 40 டிகிரி என்பது 50 டிகிரி குளிர். நம்ம ஊர் கத்திரி வெயிலும் இன்ஜினின் பார்வையில் குளிர்காலம்தான். தெர்மோஸ்டாட் வெளியூர்ப் பனிக்காக வைத்தது என்று சொல்கிறவர், தன் உடம்புக்குத் தெரிகிற சூட்டை இன்ஜினுக்கு ஏற்றிச் சொல்கிறார்.

அந்த வால்வின் வேலை எளியது: இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது. பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய ஏற்பாடு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. 82 டிகிரியில் மெழுகு உருகிப் பெருத்து ஊசியைத் தள்ள, வால்வு திறக்கத் தொடங்கும். இன்னும் 10, 15 டிகிரி ஏறினால் முழுதாகத் திறந்துவிடும். முழுதாகத் திறந்த பிறகு ரேடியேட்டருக்குப் போகும் வழியில் அது பெரிய தடையே கிடையாது. ஆக, நல்ல நிலையில் இருக்கும் வால்வைக் கழற்றினால் இன்ஜினின் உச்சச் சூடு குறையாது. குறைவது காலையிலும், இரவிலும், காலி லோடிலும், மழையிலும் இருக்க வேண்டிய சூடுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று, பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, அடிப்பக்கத் தட்டால் பைபாஸ் வழியை மூடவும் வேண்டும். வால்வை எடுத்துவிட்டால் அந்தப் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்ப்புக்குத் திரும்பி, மறுபடி இன்ஜினுக்குள் போகும். தொப்பூர் கணவாயில் முழு லோடுடன் மேடு ஏறும் லாரிக்கும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறும் வேனுக்கும், சூடு தணிய வேண்டிய நேரத்தில் சூடு ஏறும். ஹீட் ஆகக்கூடாது என்று எடுத்தது, ஹீட் ஆவதற்கே காரணமாகிறது. வண்டிக்காரர் மறுபடி பட்டறைக்கு வருவார். ரேடியேட்டர் மாறும், வாட்டர் பம்ப் மாறும், ஹெட் இறங்கும். வால்வு இல்லாததைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் அது "எடுத்தாச்சே".

என் பக்கம் நின்று பேசுகிறவர்களிலும் சிலர் ஒரு தவறான வாதம் வைக்கிறார்கள். வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடும், ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது என்பது அது. அப்படி இல்லை. வேகமாக ஓடும் தண்ணீர் சுற்றுக்குக் குறைவாகச் சூட்டை இறக்கினாலும், அதிகச் சுற்று வருவதால் மொத்தத்தில் குறைவாக இறக்காது. பைபாஸ் திறந்து கிடப்பதுதான் உண்மையான காரணம். சரியான முடிவுக்குத் தப்பான காரணம் சொன்னால், அனுபவமுள்ள மெக்கானிக் அந்தக் காரணத்தை உடைத்துவிட்டு முடிவையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார்.

குளிர்ந்து ஓடுவதால் என்ன கெட்டுவிடும்? 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். இன்ஜின் சூடாக இருந்தால் அது ஆயிலில் தங்காமல் வெளியேறும். 60 டிகிரியில் ஓடும் இன்ஜினில் தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருக்கிறதே, அது இதுதான். சிலிண்டர் சுவரில் குளிரும் ஈரம், எரிந்த வாயுவிலுள்ள அமிலப் பொருள்களோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். 1930களிலேயே பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ் சிலிண்டர் தேய்மானத்தை ஆராய்ந்து, சுவர் குளிர்ந்திருக்கும்போதுதான் தேய்மானம் பலமடங்கு ஏறுகிறது என்றும், அதற்கு உராய்வைவிட அரிப்பே பெரிய காரணம் என்றும் காட்டினார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம் ஆகக் குறைந்துவிட்டதே என்று கேட்கலாம். குறைந்தது நல்லது. ஆனால் தண்ணீர் குறையவில்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், குளிர்ந்த இன்ஜினில் இன்னும் சிரமப்பட்டுத்தான் ஆவியாகிறது. ஆவியாகாதது சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவுகிறது.

இன்றைய வண்டிகளில் ஈசியூவும் இருக்கிறது. கூலன்ட் சென்சார் 60 டிகிரி காட்டினால், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அது கூடுதல் எரிபொருளைப் பீச்சும். எதிர்பார்த்த நேரத்தில் சூடேறவில்லை என்றால் பி0128 என்ற குறியீட்டோடு செக் லைட் எரியும். பிஎஸ்-6 டீசலில், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனுக்கே இன்ஜின் சூடு தேவை. சூடு வராவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவைக் கேட்டால், சில நூறு ரூபாய் வால்வை எடுத்ததில் என்ன மிச்சம் என்று புரியும்.

லாரிக்கு வந்தால் "நம்ம ஊர்" என்ற சொல்லே நிற்காது. நாமக்கல்லில் பாடி கட்டி நேஷனல் பெர்மிட் வாங்கிய லாரி, நாமக்கல்லிலா ஓடுகிறது? ஜனவரி மூடுபனியில் டெல்லியிலும் லூதியானாவிலும் ஓடுகிறது. சங்ககிரிப் பட்டறையில் சேலத்து வெயிலை நினைத்துக் கழற்றிய வால்வுக்கான விலையை, அங்கே வெள்ளைப்புகை கக்கிக்கொண்டு ஓட்டுநர்தான் கொடுக்கிறார்.

இந்த வழக்கம் முட்டாள்தனத்தில் பிறந்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றிய காலம் இருந்தது, இன்னும் பல வண்டிகளில் இருக்கிறது. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. சேலத்துக்கு வடக்கே மலைக்கரடுகளில் மேக்னசைட் வெட்டி எடுக்கும் மண் இது. அந்தத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க உப்புப் படிந்து, தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே இறுகிவிடும். நடுவழியில், ஸ்பேர் கிடைக்காத இடத்தில், வால்வைக் கழற்றி வண்டியை ஊர் கொண்டுசேர்த்த மெக்கானிக் செய்தது முழுக்கச் சரி. ஆபத்துக்குச் செய்த அந்த வேலையை எல்லா வண்டிக்கும் எல்லா நாளுக்குமான விதியாக்கியதைத்தான் மறுக்கிறேன். வால்வு கெட்டதற்குக் காரணம் தண்ணீர். தண்டனை வால்வுக்கு, தண்ணீர் அப்படியே தொடர்கிறது.

"நூறு வண்டிக்கு எடுத்திருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்பது கடைசி வாதம். ஆகிறது. ஆனால் பட்டறையில் ஆவதில்லை. அரிப்பு மெதுவானது. ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கத் தொடங்கும்போது வண்டி இரண்டு கை மாறியிருக்கும். அப்போது "ஆயில் நல்லா இல்ல", "ஓட்டுனது சரியில்ல" என்று காரணம் வேறெங்காவது போய் உட்காரும்.

வண்டி ஹீட் ஆகிறதென்றால் பார்க்க வேண்டியவை வேறு. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் முதலில். ஏற்காட்டின் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் இல்லாத தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் சமவெளியில் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறும். பிறகு ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் இடுக்கில் அடைத்த புழுதியும் பூச்சியும். அதன்பின் கூலன்ட். பாதிக்குப் பாதி கலந்த, வடித்த நீரில் தயாரித்த கூலன்ட் போதும், போர் தண்ணீர் வேண்டாம். தெர்மோஸ்டாட்மேல் சந்தேகமா? கழற்றி, நூல் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து அடுப்பை மூட்டுங்கள். அதன் உடம்பிலேயே 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் அசையத் தொடங்கி, கொதிக்குமுன் விரிந்து, ஆறும்போது முழுதாக மூடிக்கொண்டால் அது நல்ல வால்வு, திரும்ப மாட்டலாம். இல்லையென்றால் அதே எண் பொறித்த புதிதை வாங்கி மாட்டுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியாக, காலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். சாரதா கல்லூரிச் சாலையிலிருந்து புறப்பட்டு ஊருக்கு வெளியே ஹைவேயில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள் பாதிக்கு வந்து நிற்க வேண்டும். கீழேயே கிடந்தாலோ, வேகம் ஏற ஏற இறங்கினாலோ, உள்ளே வால்வு இல்லை என்று சந்தேகப்படுங்கள். பானெட்டைத் திறந்து த்ராட்டில் பாடிப் பக்கம் ஹோஸ் வெட்டி ஒட்டியிருக்கிறதா, ஆயில் மூடியின் உட்புறம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த இன்ஜினுக்கு ரிங் வேலை வரும் என்று வைத்து விலையைப் பேசுங்கள்.